கதைக்கு யார் விலை கொடுத்தார்கள்? – ‘ட்ரீம் கன்ட்ரி’யை இன்று வாசிக்கும்போது

ஒரு எழுத்தாளன். பெயர் ரிச்சர்ட் மேடக். முதல் நாவல் நன்றாகப் போய்விட்டது. இரண்டாவது நாவலுக்குப் பதிப்பகம் காத்திருக்கிறது. ஆனால் ஒரு வரிகூட வரவில்லை. மாதக்கணக்கில் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் எராஸ்மஸ் ஃப்ரை என்ற வயதான எழுத்தாளரைத் தேடிப் போகிறான். அந்தக் கிழவர் தன் வீட்டில் அறுபது வருஷமாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பெண்ணை அவனிடம் ஒப்படைக்கிறார். பதிலுக்கு அவர் வாங்கிக்கொள்வது, ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த முடி உருண்டை. அவ்வளவுதான் அவளுக்கு விலை.

அவள் பெயர் கலையோப்பி. கிரேக்கப் புராணத்தின் ஒன்பது கலைத் தேவியரில் ஒருத்தி. 1927-இல் கிரேக்க மலையொன்றில் ஃப்ரை அவளைப் பிடித்தார். இப்போது மேடக் தன் வீட்டு மாடி அறையில் அவளைப் பூட்டுகிறான். முதல் நாளே வன்கொடுமை செய்கிறான். அவள் மனுஷியே இல்லை, அதனால் இது தப்பில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். அதன்பிறகு நாவல், கவிதை, சினிமா, விருது எல்லாம் கொட்டுகிறது. ஒரு விருந்தில் வாசகி ஒருத்தி அவனுடைய பெண் பாத்திரங்களைப் பாராட்டும்போது, தன்னைப் பெண்ணிய எழுத்தாளனாகவே கருதுவதாகச் சொல்லிக்கொள்கிறான். மாடியில் அவள் பூட்டிய அறைக்குள் இருக்கிறாள்.

இந்தக் கதை வெளிவந்தது 1990-இல். எழுதியவர் நீல் கெய்மன். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. ‘சாண்ட்மேன்’ என்ற காமிக்ஸ் தொடரின் 17-ஆவது இதழ் அது. 17 முதல் 20 வரையிலான நான்கு இதழ்களைச் சேர்த்து ‘ட்ரீம் கன்ட்ரி’, அதாவது கனவு தேசம், என்ற பெயரில் தொகுப்பாகப் போட்டார்கள். தொடரின் மூன்றாவது தொகுதி.

முப்பத்தைந்து வருஷம் கழித்து இந்தப் புத்தகத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அந்த முதல் கதையை இன்று சாதாரணமாகப் படிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். ஏன் முடியவில்லை என்று சொல்வதற்கு முன்னால் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா.

தனித்தனிக் கதைகள், ஒரே உலகம்

சாண்ட்மேன் 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள் வந்த தொடர். கனவுகளின் அரசன்தான் நாயகன். அவனுக்கு ட்ரீம், மார்ஃபியஸ் என்று பல பெயர்கள். மரணம், விதி, ஆசை என்று அவனுக்குக் கூடப்பிறந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் நீண்ட தொடர்கதைகள். முதலிலிருந்து படிக்காவிட்டால் பல இடங்களில் தலையும் காலும் புரியாது.

ட்ரீம் கன்ட்ரி அப்படியில்லை. நான்கு கதைகள். ஒவ்வொன்றும் தொடங்கிய இதழிலேயே முடிந்துவிடுகிறது. முன்கதை தெரிய வேண்டியதில்லை. நம் ஊர் வாசகருக்கு இது புதிதும் இல்லை. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் ஒரு தனிக்கதை சொல்லும். கதை தனி, தோள் ஒன்று. இங்கே தோளின் இடத்தில் கனவரசன் இருக்கிறான். ஒரு கதையில் முக்கியமாக வருவான், இன்னொன்றில் ஓரமாக நிற்பான். கடைசிக் கதையில் அவன் வரவே இல்லை.

‘சாண்ட்மேனை எங்கே ஆரம்பிக்கலாம்?’ என்று கேட்பவர்களுக்கு இந்த மெல்லிய தொகுப்பைத்தான் நான் சொல்வேன்.

இரண்டாவது கதை ஆயிரம் பூனைகளின் கனவு. ஒரு சயாமியப் பூனை தெருப்பூனையோடு சேர்ந்து குட்டி போடுகிறது. வீட்டுக்காரருக்கு அந்தக் குட்டிகள் பிடிக்கவில்லை. பையில் கட்டித் தண்ணீரில் போட்டுவிடுகிறார். தாய்ப்பூனை கனவுலகத்துக்குப் போய் நியாயம் கேட்கிறது. அங்கே கனவரசனும் ஒரு பெரிய கறுப்புப் பூனையாகத்தான் தெரிகிறான். அவன் ஒரு பழங்கதை சொல்கிறான். ஒரு காலத்தில் பூனைகள் பெரியவை, மனிதர்கள் அவற்றின் விளையாட்டுப் பொருட்கள். ஒருநாள் மனிதர்கள் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்து ஒரே கனவைக் கண்டார்கள். உலகம் மாறியது. மாறியது மட்டுமில்லை, எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தாய்ப்பூனை ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறது. ஆயிரம் பூனைகள் ஒரே கனவைக் கண்டால் போதும் என்கிறது. கேட்க வந்த பூனைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு கலைந்து போகின்றன. ஆயிரம் பூனைகளை எந்த விஷயத்திலாவது ஒன்று சேர்க்க முடியுமா என்று ஒரு பூனை கேட்கிறது. சிரிப்புதான் வருகிறது, ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்பதில்லை.

மூன்றாவது கதை ஷேக்ஸ்பியர். 1593 ஜூன் 23. தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு புல்வெளி. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை முதல்முறையாக நடிக்கிறது. பார்வையாளர்கள் யார் தெரியுமா? அந்த நாடகத்தில் வரும் நிஜமான தேவதைக் கூட்டம். தேவதைகளின் அரசனும் அரசியும் உட்கார்ந்து தங்களைப் பற்றிய நாடகத்தைத் தாங்களே பார்க்கிறார்கள். கதை நடக்கும் இடம் கற்பனை இல்லை. வில்மிங்டன் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் இரண்டு கைகளிலும் கோல் பிடித்த ஒரு பிரம்மாண்ட மனித உருவம் வரையப்பட்டிருக்கிறது. உயரம் 235 அடி. கதையில் அந்த உருவம்தான் தேவதைகள் வரும் வாசலைத் திறந்துவிடுகிறது. இங்கே தென் இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கதையின் மையம் தேவதைகள் இல்லை, ஷேக்ஸ்பியரின் எட்டு வயது மகன் ஹாம்னெட். அப்பாவோடு அந்தக் கோடையில் ஊர் சுற்றுகிறான். அப்பா கூடவே இருக்கிறார், ஆனால் அங்கே இல்லை. அவருக்கு எல்லாமே கதைதான். பையன் ஏதோ சொல்ல வருகிறான், அவர் மேடையைப் பார்க்கிறார். கனவரசனோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம், அழியாத கதைகளை எழுதும் வரம். பதிலுக்கு அவனுக்காக இரண்டு நாடகங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு வருகிறது: ஹாம்னெட் 1596-இல் பதினொரு வயதில் இறந்தான். அது சரித்திரம். இந்தக் கதைக்கு 1991-இல் உலக ஃபேண்டசி விருது, சிறுகதைப் பிரிவில், கிடைத்தது. அந்தப் பிரிவில் ஒரு காமிக்ஸ் ஜெயித்தது அதுதான் முதல்முறை.

நான்காவது கதை ரெய்னி என்ற பெண்ணைப் பற்றியது. ஒரு காலத்தில் உளவுத்துறைக்காக அதிசய சக்தி பெற்றவள். இப்போது உடம்பு முழுக்க மாறிப்போய், வெளியே தலைகாட்ட முடியாமல் ஒரு அறைக்குள் வாழ்கிறாள். வெளியே போக வேண்டுமென்றால் முகமூடி மாதிரி ஒரு முகம் செய்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அது கொஞ்ச நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். பழைய தோழி சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஹோட்டலில், சாப்பாட்டுத் தட்டிலேயே முகம் விழுந்துவிடுகிறது. வெளிநாட்டுக்கு வந்த புதிதில் தினமும் ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனவர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி வலிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதை சாவை விடுதலையாகக் காட்டி முடிகிறது. அது எனக்கு உடன்பாடில்லை. மனம் நொந்திருக்கும் ஒருவர் கையில் இந்தக் கதையை நான் கொடுக்க மாட்டேன்.

நான்கையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். எல்லாக் கதையிலும் ஒருவருக்கு ஏதோ கிடைக்கிறது, அதற்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார். மேடக்கின் புகழுக்குக் கலையோப்பி. மனிதர்களின் வசதிக்குப் பூனைக்குட்டிகள். அப்பாவின் நாடகத்துக்கு ஹாம்னெட். ஒரு இலாகாவின் வேலைக்கு ரெய்னியின் உடம்பு. தனித்தனிக் கதைகள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரே கேள்வியைத்தான் வைத்திருக்கிறது இந்தத் தொகுப்பு.

புத்தகத்துக்கு வெளியே நடந்தது

2024 ஜூலையில் பிரிட்டனைச் சேர்ந்த டார்டாய்ஸ் என்ற செய்தி நிறுவனம் ஒரு ஒலித்தொடரை வெளியிட்டது. அதில் பெண்கள் கெய்மன் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னார்கள். பிறகு மேலும் சிலர் பேசினார்கள். 2025 ஜனவரியில் நியூயார்க் இதழ் விரிவான கட்டுரை வெளியிட்டது. சம்மதமில்லாமல் யாரோடும் உறவு கொண்டதே இல்லை என்று கெய்மன் மறுத்து எழுதினார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதே மாதம் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் அவருடைய நூல்களை இனி வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது. நெட்ஃப்ளிக்ஸில் வந்துகொண்டிருந்த சாண்ட்மேன் தொடர் 2025 ஜூலையில் இரண்டாவது சீசனோடு முடிந்தது.

என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. என்னால் பேச முடிந்தது வாசகனின் பங்கைப் பற்றி மட்டும்.

நெட்ஃப்ளிக்ஸ் பார்த்துவிட்டுத்தான் என் மகள் இந்தப் புத்தகங்களுக்கு வந்தாள். செய்திகள் வந்தபோது அவள் கேட்டது நேரடியான கேள்வி: “அப்பா, இதெல்லாம் வீட்ல வெச்சுக்கலாமா? இல்ல சாரிட்டி ஷாப்ல கொடுத்துடலாமா?” நண்பர்கள் கூடும் இடத்தில் இதைச் சொன்னபோது வழக்கமான இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர், “படைப்பு வேற, படைப்பாளி வேற. கதையை மட்டும் பாருங்க சார்” என்றார். இன்னொருவர், “தூக்கிப் போடுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார்.

இந்த இரண்டு பதிலும் நமக்குப் பழக்கமானவைதான். 2018-இல் மீடூ அலை சென்னையையும் தொட்டபோது, பாட்டு, சினிமா, எழுத்து என்று எல்லாத் துறையைப் பற்றியும் இதே இரண்டு கட்சிகள் பேசின. புலம்பெயர்ந்த வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் பேசின. “அவர் பாட்டு இல்லாம நம்ம காலம் உண்டா?” என்று ஒரு பக்கம். “இனி அவர் பேரே வேண்டாம்” என்று ஒரு பக்கம். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு கட்சியும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரை வைத்துக்கொள்வதா, வேண்டாமா. பேசிய பெண் என்ன சொன்னாள், அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கிடைத்ததா, அவள் என்ன ஆனாள் – அந்தப் பேச்சு இரண்டு பக்கத்திலும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

இங்கேதான் கலையோப்பி கதையை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

பூட்டு யார் கையில்?

அந்தக் கதையில் கெட்டவன் மேடக் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவனைச் சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள். பதிப்பாளர், சினிமாக்காரர்கள், விருந்துக்கு வந்தவர்கள், கையெழுத்துக் கேட்கும் வாசகர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல புத்தகத்தை ரசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு நாவல் எழுதித் திணறியவனுக்குத் திடீரென்று இவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த மாடி அறையின் பூட்டு. சாவி மேடக்கிடம் இருக்கலாம். பூட்டைச் செய்து கொடுத்தது ரசிகர்கள்.

‘கலைஞன்னா அப்படித்தான் இருப்பான்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வோம். குடித்தால், குடும்பத்தைக் கவனிக்காவிட்டால், பெண்களிடம் வரம்பு மீறினால், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரி போதும். மேடக்குக்கும் அந்த வரிதான் காவல்.

அவள் எப்படி வெளியே வருகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். மேடக் மனம் திருந்தவில்லை. ஃப்ரை சாகும்முன் அவளை விடுவிக்கவில்லை. அவளே பழைய தெய்வங்களை அழைத்து வழி கேட்கிறாள். கனவரசன் வருகிறான். ஒருகாலத்தில் அவளுடைய கணவன், பிறகு பிரிந்தவன். அவனும் எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதனிடம் சிறைப்பட்டிருந்து அப்போதுதான் மீண்டவன். பூட்டிய அறை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். மேடக்குக்கு அவன் தரும் தண்டனை, கேட்டது கேட்டபடி: கற்பனைகள். நிற்காமல், அடக்க முடியாமல் கொட்டும் கற்பனைகள். எழுத எதுவும் கிடைக்காமல் தன் விரல் ரத்தத்தாலேயே சுவரில் எழுதுகிறான். கடைசியில் அவள் விடுதலையாகிறாள். அவனை மன்னித்து விட்டுவிடும்படி கேட்பவளும் அவள்தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மன்னிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பூட்டப்பட்டவளுக்கு. நமக்கில்லை. “பாவம், வயசாயிடுச்சு, விட்டுடுங்க” என்று ரசிகர்கள் சொல்லும்போது, நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் தானம் செய்கிறோம்.

கதையைப் புகழ்ந்துகொண்டே போகவும் முடியாது. கெல்லி ஜோன்ஸ் வரைந்த பக்கங்களில் கலையோப்பி பெரும்பாலும் ஆடையில்லாமல், எலும்பும் தோலுமாக இருக்கிறாள். அது கொடுமையைக் காட்டத்தான் என்று வாதிடலாம். ஆனால் அவளைப் பார்வைப் பொருளாக ஆக்கியவனைக் கண்டிக்கும் கதை, நம் கண் முன்னும் அவளை அப்படியே நிறுத்துகிறது. 2022 ஆகஸ்டில் வந்த நெட்ஃப்ளிக்ஸ் அத்தியாயம் இதை மாற்றியது. அங்கே மெலிசாந்தி மஹூட் நடித்த கலையோப்பிக்கு உடையும் உண்டு, பேச்சும் அதிகம். வன்கொடுமையைக் காட்சியாக்கவில்லை. கதையின் பலம் கொஞ்சமும் குறையவில்லை. மூலத்தைத் தொடவே கூடாது என்று நினைப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். ‘கெய்மனின் புத்தகம்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இது ஒருவர் செய்த புத்தகமே இல்லை. முதல் இரண்டு கதைகளுக்கு கெல்லி ஜோன்ஸ், ஷேக்ஸ்பியர் கதைக்கு சார்ல்ஸ் வெஸ், ரெய்னி கதைக்கு காலீன் டோரன் படம் வரைந்தார்கள். மூன்று கதைகளுக்கு மை தீட்டியவர் மால்கம் ஜோன்ஸ். எழுத்துகளைக் கையால் எழுதியவர் டாட் க்ளைன். கனவரசனின் பேச்சு மட்டும் கறுப்புக் குமிழில் வெள்ளை எழுத்தாக வருவது உங்களுக்கு நினைவிருக்கும். அட்டைகள் டேவ் மெக்கீன். ஆசிரியர் கேரன் பெர்கர். தொகுப்பின் பின்பக்கத்தில் கலையோப்பி கதையின் மூல எழுத்துப்பிரதியையே சேர்த்திருக்கிறார்கள். ஓவியருக்கு எழுத்தாளர் கட்டம் கட்டமாக என்ன சொன்னார், ஓவியர் அதை எங்கே தன் வழியில் கொண்டுபோனார் என்று அதில் பார்க்கலாம். ஒரே பெயரைக் கோபுரமாக்கி மற்றவர்களைக் கீழே தள்ளியதும் ரசிகர்களான நாம்தான். பிறகு அந்தக் கோபுரம் ஆடும்போது, இவர்கள் எல்லோருடைய உழைப்பும் சேர்ந்தே ஆடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். புத்தகம் அலமாரியில் இருக்கட்டும். படி. கூடவே அந்தப் பெண்கள் சொன்னதையும் படி, அவர் மறுத்ததையும் படி. புதிதாக வேண்டுமென்றால் இங்கே நூலகத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். யாருக்காவது சிபாரிசு செய்தால் முழுக் கதையையும் சொல்லிச் சிபாரிசு செய். பாதி சொல்லி மறைக்காதே. எந்த எழுத்தாளரையும், எந்தப் பாடகரையும், எந்த நடிகரையும் சாமியாக்காதே. நன்றாக எழுதினால் ‘நன்றாக எழுதியிருக்கிறார்’ என்று சொல், அதற்கு மேல் ஒரு படி ஏற்ற வேண்டாம். அந்த ஒரு படியில்தான் ஆபத்து.

புத்தகத்தை அப்படியே ஒதுக்கிவிட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பக்கங்களைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால் மூடி வைப்பதுதான் சரி. பெண்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களிடம் போய் “கலையைப் பாருங்க” என்று வகுப்பெடுக்க நமக்குத் தகுதியில்லை.

ஆனால் படிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சயாமியப் பூனை ஊர் ஊராகப் போய்த் தன் குட்டிகளுக்கு நடந்ததைச் சொல்கிறது. பெரும்பாலான பூனைகளுக்கு அது ஒரு பொழுதுபோக்குக் கதை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கப் போகின்றன. அது சொல்லும் கணக்கு மட்டும் மாறவில்லை: ஒருத்தர் சொன்னால் கதை, ஆயிரம் பேர் சேர்ந்து நம்பினால் உலகம் மாறும். ஒரு பெண் வந்து தனக்கு நடந்ததைச் சொல்லும்போது, கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போகிற பூனையா நாம், கடைசிவரை உட்கார்ந்து கேட்கிற பூனையா என்பதை ஒவ்வொருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.